சாயம் போன துணியும் ஹவில்தாரின் ரைபிளும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டவர்களுக்குத் தைரியம் அதிகம் என்றுதான் சொல்வேன். நல்ல வார்த்தை பேசிப் பெயர் வாங்கிய ஆள் இல்லை நான். திருப்பூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் பதினொரு வருடம் வேலை பார்த்து, அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்டு, கோயம்புத்தூரில் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்து, வயதாகி ஓய்வு வாங்கியவன். ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று திருப்பூரில் நாலு விதமாகச் சொல்வார்கள். ஐந்தாவது விதத்தை இன்றைக்கு நான் சொல்கிறேன். அதுதான் நடந்தது.

துப்பாக்கியைக் கழற்றுவது, மாட்டுவது, எண்ணெய் போடுவது இதையெல்லாம் உங்களுக்கு வேறு ஆள் சொல்லித் தருவார். பழைய பட்டாளத்து ரைபிளுக்கு விலை மதிப்பதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். பனியன் ஊரில் எவன் ரைபிள் வாங்கினான் என்று சிரிக்காதீர்கள். சேவூர், அவிநாசி, மூலனூர் பக்கத்துத் தோட்டக்காரர்கள் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வைத்திருந்தார்கள். மில் வாசலில் நின்ற காவல்காரர்களில் பாதிப் பேர் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். எண்பதுகள் முடிந்து எக்ஸ்போர்ட் பணம் வந்த பிறகு, சுவரில் மாட்டி அழகு பார்க்கவென்றே பழைய ரைபிள் தேடுகிறவர்களும் வந்தார்கள்.

அவர்கள் தேடியது பட்டாளம் வேண்டாம் என்று கழித்த போல்ட் ரைபிள். பட்டாளத்துத் தோட்டாவைச் சாதாரண ஆள் வைத்திருக்கக் கூடாது என்பதால், வேறு தோட்டா போகிற மாதிரி மாற்றி லைசென்ஸ்காரர்கள் கைக்கு வந்தவை அவை. ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்கிப் பூட்ட வேண்டும். அந்தக் கைப்பிடியோடு சேர்ந்த இரும்புத் துண்டுதான் போல்ட். தோட்டா வெடிக்கும்போது அந்த அடியை மொத்தமாகத் தாங்குவது அதுதான். ரைபிளின் உடம்பில் என்ன நம்பர் குத்தியிருக்கிறதோ அதே நம்பரைப் போல்டிலும் குத்தியிருப்பார்கள். இரண்டையும் தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று உரசிப் பார்த்துச் சேர்த்திருப்பார்கள். எங்கள் கடையில் அதைக் கூடப்பிறந்த போல்ட் என்போம். கூடப்பிறந்த போல்ட் இருந்தால் அந்த ரைபிளுக்கு ஒரு விலை. இல்லாவிட்டால் இரும்புக்கடை விலை. வேறு போல்ட் போட்டாலும் சில சமயம் உள்ளே போகும், மூடும், சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஒருநாள் சுடும்போது பின்பக்கம் பிய்த்துக்கொண்டு வந்து கண்ணைக் கொண்டுபோகும்.

இந்த நம்பரை மதிக்காத ஆட்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா. மூலனூரிலிருந்து ஒரு தோட்டக்காரர் ஆயுத பூஜைக்கு ரைபிளைப் பளபளவென்று ஆக்க வேண்டும் என்று எமரித் தாள் போட்டுத் தேய்த்து, கட்டையில் வார்னிஷ் அடித்து, போல்ட் ஓடுகிற பள்ளத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு வந்தார். நம்பர் பாதி மறைந்துபோயிருந்தது. "சாமி கும்பிட்டது தப்பாங்க பாய்?" என்று கேட்டார். "சாமி கும்பிட்டது தப்பில்லைங்க. சாமியோட கண்ணை எமரித் தாள் போட்டுத் தேய்ச்சதுதான் தப்பு" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தலைக்கனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வருகிறது.

அந்தக் கடை முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனியன் மெசின் ஃபிட்டராக இருந்த என்னைக் கூட்டிவந்து இந்தத் தொழிலில் உட்கார வைத்தவர் அவர். அதிகம் பேச மாட்டார். "துப்பாக்கி நம்ம சரக்கு இல்ல காசிம். நம்ம கையெழுத்துத்தான் நம்ம சரக்கு" என்று மட்டும் அடிக்கடி சொல்வார். அந்த வார்த்தையை நான் நம்பினேன். அவரைவிட அதிகமாக நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

இனி தப்புக்கு வருகிறேன். என் தப்புக்கு.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவோம். இதைத்தான் டெபாசிட் என்போம். எண்பதுகளின் கடைசியில் ஒரு தேர்தல் வந்தது. பக்கத்து ஊர்த் துப்பாக்கிகள் எல்லாம் எங்கள் கடைக்கு வந்துவிட்டன. அப்படி வந்தால் போல்டை எல்லாம் கழற்றித் தனியாக வேறு பெட்டியில் பூட்டி வைப்பது வழக்கம். எவனாவது பூட்டை உடைத்தாலும் கைத்தடிதான் கிடைக்கும். எந்தப் போல்ட் யாருடையது என்று அட்டைச் சீட்டு எழுதிக் கட்டுவோம். அந்த வருடம் அட்டை தீர்ந்துபோயிற்று. எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது.

கடைக்குப் பக்கத்திலேயே பனியன் கம்பெனி. வாசலில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். கலர் கலரான துணிக் கீற்றுகள். சேவூர்க்காரர் ரைபிளுக்குப் பச்சை, மூலனூருக்கு நீலம், அவிநாசிக்குச் சிவப்பு என்று ஊருக்கு ஒரு கலராக ரைபிளிலும் போல்டிலும் கட்டினேன். பார்க்கத் திருவிழாத் தோரணம் மாதிரி இருந்தது. முதலாளியே வந்து பார்த்து, "பரவால்லியே" என்றார்.

சாயம் போகும் என்று திருப்பூரில் பிறந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். துணியைத் தண்ணீரில் நனைக்கப் போவதில்லையே என்று நினைத்தேன். போல்டில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். ஒரு மாதம் அந்த எண்ணெயில் ஊறி, பச்சையும் நீலமும் ஒன்றாகி, சாக்கடை நிறத்தில் நின்றன. ரைபிளில் கட்டியது அப்படியே இருந்தது. போல்டில் கட்டியதுதான் போயிற்று.

அப்போதும் கெட்டுப்போகவில்லை. போல்டில் நம்பர் இருக்கிறது. அழுக்கைத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் காலையில் கடை வாசலில் கூட்டம். ஜெயித்த கட்சிக்காரரும் தோற்ற கட்சிக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில், எனக்கு முதலில் என்று நெருக்கினார்கள். பெரும்பாலானவற்றுக்கு நம்பர் பார்த்தேன். கடைசியில் ஒரே ரகத்தில் இரண்டு ரைபிள் மிச்சம். ஒன்று சேவூர் ஹவில்தாருடையது, இன்னொன்று மூலனூர்ப் பண்ணையக்காரர் ஒருவருடையது. இரண்டு போல்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் இரண்டிலும் மூடின. துணியில் கொஞ்சம் பச்சை தெரிகிற மாதிரி இருந்ததைச் சேவூருக்குக் கொடுத்தேன். நம்பர் பார்க்கவில்லை. நம்பரைத் தேய்த்தவரைக் கேலி செய்த நான், நம்பரைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஹவில்தார் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர். முதுகு வளையாமல் நிற்பார். ரைபிளைக் கவுண்டரில் வைத்தார்.

"ஏனுங்க பாய், இது என்ற போல்ட் இல்லீங்களே."

"உங்களுதுதானுங்க ஐயா. நானே கையால குடுத்தேன்."

"மூடறப்ப கடைசியில ஒரு சத்தம் வருமுங்க. இப்ப வரமாட்டீங்குது."

வேறொருவராக இருந்தால் கண்ணாடியை எடுத்திருப்பேனோ என்னவோ. அவர் சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. என் வேலையில் எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று இருந்தது. பக்கத்தில் நாலு பேர் வேறு நின்றார்கள். "வயசானா காது அப்படித்தானுங்க ஐயா. போல்ட் நல்லாத்தான் இருக்குது. காதைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரைபிளைத் துணி உறைக்குள் போட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்.

சாயம் போனது என் தப்பு. அவசரத்தில் நம்பர் பார்க்காமல் கொடுத்ததும் என் தப்பு. ஆனால் ஒருவர் கடை தேடி வந்து சொன்ன பிறகும் பார்க்காமல் விட்டேனே, அதற்குத் தப்பு என்று பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறேழு வருடம் போயிற்று. ஹவில்தார் இறந்துவிட்டார். லைசென்ஸ்காரர் இறந்தால் ரைபிளை வீட்டில் வைத்திருக்க முடியாது. அவருடைய மகள் ராஜாமணி அதை எங்கள் கடையில் ஒப்படைத்து, விற்பதற்கு அனுமதியும் வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவர். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. ரைபிளை விற்று இரண்டு தையல் மெசின் வாங்கி, சேவூரில் வீட்டிலேயே ஜாப் ஒர்க் எடுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அப்பா விட்டுப்போனதில் விற்கிற மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

வாங்க வந்தவர் அவர் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி. எக்ஸ்போர்ட்காரர் என்றே சொல்கிறேன், பேர் வேண்டாம். பழைய ரைபிள் சேர்க்கிறவர். ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தார். மூலனூர்ப் பண்ணையக்காரரிடம் நேராக வாங்கியது. எங்கள் கடையில் பேர் மாற்றிப் பதிவு மட்டும் செய்தோம். இப்போது அதற்கு ஜோடி வேண்டும் என்று வந்திருந்தார். நான் மதிப்புச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அந்த விலைக்கு வாங்கிக்கொள்வார். அதுதான் பேச்சு.

காலை பதினொரு மணி இருக்கும். ராஜாமணி அரை நாள் லீவு சொல்லி வந்து ஓரமாக நின்றார். தன் கம்பெனி முதலாளிக்கு எதிரில் உட்காரவில்லை. ரைபிள் கவுண்டர் மேல் துணி உறையோடு இருந்தது. உறையின் முடிச்சைக்கூட நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

எக்ஸ்போர்ட்காரர் சொன்னார்: "பாய், போல்ட் நம்பரைப் பாத்து எழுதுங்க. ஒத்துப் போகாது."

என் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. உறைக்குள் இருக்கிற ரைபிளின் போல்ட் நம்பர் இவருக்கு எப்படித் தெரியும்?

அவிழ்த்தேன். போல்டைத் துடைத்தேன். ஆறேழு வருடம் முன்னால் எடுத்திருக்க வேண்டிய கண்ணாடியை எடுத்தேன். உடம்பில் ஒரு நம்பர், போல்டில் வேறு நம்பர். உள்ளே போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். போல்டில் இருந்த நம்பர் மூலனூர் ரைபிளின் நம்பர். இப்போது அது எக்ஸ்போர்ட்காரர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஹவில்தாருடைய போல்ட் எக்ஸ்போர்ட்காரரிடம், அவருடைய போல்ட் இங்கே. தன் ரைபிளில் நம்பர் ஒட்டவில்லை என்று அவர் எப்போதோ பார்த்திருக்கிறார். அதில் இருந்த நம்பரை விசாரித்து ஹவில்தார் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். இதை இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டு, வீட்டில் போய்ப் போல்டை மாற்றிப் போட்டால் இரண்டும் முழு விலை ரைபிள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைக்கிற சோறு என் கையெழுத்து.

கடை முதலாளி என் பின்னாலேயே வந்தார். பதிவேட்டை அவரும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நம்பர் ஒட்டலைன்னு எழுதிக் குடுத்துரு காசிம்."

"அது எப்படி ஒட்டாமப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்க."

"பொய்யா எழுதச் சொல்றேன்? ஒட்டலைங்கறது உண்மைதான? அதை மட்டும் எழுது. தேர்தல் டெபாசிட்ல மாத்திக் குடுத்தோம்னு வெளிய தெரிஞ்சா, என்ற லைசென்ஸ் நிக்குமா?"

அவர் பயந்தது நியாயம். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை, நான் எழுதிவிட்டேன். 'போல்ட் இந்த ரைபிளுக்குச் சொந்தமில்லை' என்று எழுதி, அதற்கு ஏற்ற விலையையும் எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பதினொரு வருடச் சோறு, இரண்டு பெண் பிள்ளைகள், எல்லாம் கண் முன்னால் வந்தன. எழுதியது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ராஜாமணி அந்தச் சீட்டை எடுத்துப் படித்தார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, ஒரு பனியனைப் பார்ப்பது போல மேலிருந்து கீழாக.

"செகண்ட்ஸ்னு எழுதியிருக்கீங்க" என்றார். பழுதான பனியனுக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் அது.

"அப்படின்னு வெச்சுக்கலாமுங்க."

"எங்க டேபிள்ல செகண்ட்ஸ்னு எழுதினாப் பத்தாதுங்க. எந்த மெசின்ல வந்துச்சு, யாரு தச்சதுன்னு நம்பர் போடோணும். இல்லீனா எங்களைத்தான் புடிப்பாங்க. இதுல அது இல்லீங்களே."

எக்ஸ்போர்ட்காரர் சிரித்தார். "அது பனியனுக்கு அம்மிணி. இதுக்கெல்லாம் கிடையாது."

"ஏனுங்க கிடையாது?" என்று கேட்டார் ராஜாமணி. அவர் குரல் ஏறவில்லை. பன்னிரண்டு வருடம் கைகட்டி நின்ற முதலாளியிடம் கேட்கிறோம் என்கிற நடுக்கம் மட்டும் இருந்தது. "எங்கய்யன் இந்தப் போல்ட்டை மாத்தினதே இல்லீங்க. எலெக்சன்ல குடுத்துட்டு வாங்கின அப்புறம் சுடவே இல்லை. சத்தம் வேறயா இருக்குதுன்னு சொல்லிச் சொல்லி உறைக்குள்ள போட்டுட்டாரு."

சுட்டிருந்தால் அவர் கண் போயிருக்கும். என் பேச்சை நம்பாததால் அவர் கண் தப்பியது.

நான் சீட்டை வாங்கிக் கிழித்தேன். புதுத் தாள் எடுத்தேன். எழுதிக்கொண்டே வாய்விட்டும் படித்தேன், எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று. "இந்த ரைபிளின் சொந்தப் போல்ட் தேர்தல் டெபாசிட்டின்போது இந்தக் கடையில் மாறியது. மாற்றிக் கொடுத்தவன் நான். நம்பர் பார்க்காமல் கொடுத்தேன். உரிமையாளர் வந்து சொன்ன பிறகும் பார்க்கவில்லை. சொந்தப் போல்ட் இப்போது கீழ்க்கண்ட நம்பர் ரைபிளில் இருக்கிறது."

எக்ஸ்போர்ட்காரரின் முகம் மாறியது. "பழசைக் கிளறாதீங்க பாய். என்ற ரைபிள்ல இருக்குதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"உங்க நம்பர் போட்ட போல்ட் இங்க என்ற முன்னால இருக்குதுங்க. அப்ப உங்க ரைபிள்ல இருக்கறது யாருது?"

"ஸ்டேஷன்ல கூப்பிட்டுக் கேப்பாங்க. தெரியுமா?"

"கேக்கட்டுமுங்க. நடந்தே போய்ச் சொல்லிட்டு வர்றேன். இந்தச் சீட்டுல ரெண்டு காப்பி எடுக்கறேன். ஒண்ணு இந்த ரைபிளுக்கு. இன்னொண்ணு உங்க ரைபிளுக்கு. இது செகண்ட்ஸ்னா உங்களதும் செகண்ட்ஸ்தான். ஊட்டிப் பக்கம் பழைய ரைபிள் சேக்கறவங்ககிட்டக் கொண்டுபோய்க் காட்டறீங்கன்னு கேள்விப்பட்டேன். அங்கயும் ஒரு காப்பி அனுப்பிக் குடுக்கறேன்."

கடை முதலாளி உள்ளிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். மெதுவாகத்தான் பேசினார். "காசிம், இதுல நீ கையெழுத்துப் போட்டா நாளைக்கு வர வேண்டாம்."

"நம்ம கையெழுத்துத்தான் நம்ம சரக்குன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நான் கெட்ட சரக்கு விக்கமாட்டனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. தான் சொன்னதை ஒருவன் இப்படித் திருப்பிச் சொல்வான் என்று எந்த மனிதன் எதிர்பார்ப்பான்? ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்தில், அவர் அங்கேயே நின்றிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

எக்ஸ்போர்ட்காரர் கணக்குத் தெரிந்தவர். தன் ரைபிளும் இரும்பு விலைக்குப் போகும் என்றதும் காரில் ஏறிப் போய், ஒரு மணி நேரத்தில் அதைக் கொண்டுவந்தார். நான் கண்ணாடி வைத்து நம்பரைப் பார்த்தேன். ராஜாமணியையும் பார்க்கச் சொன்னேன். எக்ஸ்போர்ட்காரரையும் பார்க்கச் சொன்னேன். மூன்று பேரும் ஒப்புக்கொண்ட பிறகு இரண்டு போல்டையும் அதனதன் ரைபிளில் போட்டேன். ஹவில்தாரின் ரைபிளில் கைப்பிடியை இறக்கி மூடினேன்.

கடைசியில் ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம்தான். வெற்றிலைப் பெட்டியை மூடினால் வருமே, அந்த அளவு. தெருவில் பஸ் போகும்போதும் அது காதில் விழுந்தது. இன்னொரு தடவை மூடச் சொன்னார் ராஜாமணி. மூடினேன். மூன்றாவது தடவை நானாகவே மூடினேன்.

சொந்தப் போல்ட் திரும்பி வந்ததையும் முழு விலையையும் அந்தச் சீட்டிலேயே எழுதினேன். எக்ஸ்போர்ட்காரர் பையைத் திறந்தார். "சரி, அந்த விலைக்கே எடுத்துக்கறேன்" என்றார்.

"உங்களுக்கு இல்லீங்க" என்றார் ராஜாமணி. "நாளையில இருந்து வேலைக்கும் வரலீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதைக் கேட்பதற்காகவே எனக்கு இன்னொரு தடவை வேலை போனாலும் பரவாயில்லை. இரண்டு மாதத்தில் மலையில் ஒரு எஸ்டேட்காரர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு முழு விலைக்கே வாங்கிக்கொண்டார். இவ்வளவையும் எழுதி வைத்திருக்கிற ரைபிளைத்தான் நம்பி வாங்கலாம் என்றாராம். சேவூரில் இரண்டு மெசினும் ஓட ஆரம்பித்தன. ஸ்டேஷனில் என்னை மூன்று தடவை கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். கடையின் லைசென்ஸ் போகவில்லை, எச்சரிக்கையோடு நின்றது. என் வேலைதான் போயிற்று. நாலு மாதம் சும்மா இருந்தேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் இங்கே சொல்ல முடியாது. அப்புறம் இந்தக் கடையில் கூப்பிட்டார்கள். ஏன் அங்கிருந்து அனுப்பினார்கள் என்று கேட்டார்கள். அந்தச் சீட்டின் காப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒருவர் வந்து சொல்வார். படிக்காதவராக இருக்கலாம், வயதானவராக இருக்கலாம், சொல்கிற தோரணை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். முதலில் கண்ணாடியை எடுங்கள். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தப்பு நடந்திருந்தால் அதில் உங்கள் நம்பரைப் போடுங்கள். போடக் கூடாது என்று சொல்கிறவர் உங்களுக்குச் சோறு போடுகிறவராகவே இருந்தாலும் போடுங்கள். வேலை போகும். போகட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு விலையை எழுதி முடித்து, கையெழுத்துப் போடப் பேனாவை இறக்கினேன். ராஜாமணி, "ஒரு நிமிசமுங்க" என்றார். அதுவரை அழாமல் நின்றவர் அப்போதுதான் அழுதார்.

"நீங்க காதைப் பாருங்கன்னு சொன்னீங்கல்லங்க. ஊட்டுக்கு வந்து, எனக்குக் காது போச்சான்னு எல்லார்கிட்டயும் கேட்டாருங்க. நானும் அவரை நம்பலீங்க. நாந்தான் மருந்துக்கடையில போய்ச் சொட்டு மருந்து வாங்கிட்டு வந்தேன். சாகற வரைக்கும் காதுல ஊத்தினேன். அவரும் தலையைச் சாச்சுக் காட்டிட்டு இருந்தாருங்க."

இறக்கிய பேனாவை மறுபடி தூக்கினேன்.

"அதையும் இதுல எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

மதிப்புச் சீட்டில் அதையெல்லாம் எழுதுவது வழக்கம் இல்லை என்று எக்ஸ்போர்ட்காரர் சொன்னார். உள்ளே இருந்து முதலாளியும் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான், வழக்கம் இல்லை. விலைக்குக் கீழே இடம் விட்டு, எழுத்து எழுத்தாக எழுதினேன்.

'இந்த ரைபிளின் உரிமையாளரான ஹவில்தார் அவர்களுக்குக் கடைசி வரை காது நன்றாகக் கேட்டது.'

அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.